விசாரிக்க வந்தவர்

'என்கொயர்' என்ற ஆங்கில வினைச்சொல்லை இந்த வருடம் நான் வகுப்பில் நடத்தவில்லை. பாடத்தில் இருக்கிறது. அதை மட்டும் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டேன். முன்வரிசையில் உட்காரும் ஒரு பெண் கண்டுபிடித்துக் கேட்டாள். பிறகு எடுக்கிறேன் என்றேன். இன்னும் எடுக்கவில்லை.

சித்தூரில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்து மாளாது என்பதால் வேரைப் பிடித்து நடத்துவேன். எனக்கு லத்தீன் தெரியாது. இரண்டு தடித்த அகராதிகளிலிருந்து பொறுக்கிய வேர்ச்சொற்கள் தெரியும், அவ்வளவுதான். 'குவேரெரே' என்று ஒரு லத்தீன் வினை. தேடு என்று பொருள். காணாமல் போனதைத் தேடுவது, தேடிப் போய்க் கேட்பது, இரண்டும் அதில் அடங்கும். அதற்கு முன்னால் 'உள்ளே' என்ற பொருளில் ஓர் 'இன்' சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் 'என்கொயர்' ஆயிற்று. உள்ளே புகுந்து தேடுவது.

அதன் உடன்பிறப்புகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டுவது எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது. தேடி அடைந்தால் 'அக்வயர்'. தேடிப் பிடித்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டால் 'காங்கர்'. ஒருவர் செத்த பிறகு எப்படிச் செத்தார் என்று தேடினால் 'இன்குவெஸ்ட்'. மனுஷன் மனசுக்குள் என்ன நம்பிக்கை வைத்திருக்கிறான் என்று சபை கூட்டித் தேடினால் 'இன்குவிசிஷன்'. குடும்பத்தில் ஒரே ஒரு சாது, 'எக்ஸ்குவிசிட்'. நன்றாகத் தேடிப் பொறுக்கியெடுத்தது, அதனால் நேர்த்தியானது. இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், போலீஸ்காரர் வீட்டில் ஒரு நடனக்காரி மாதிரி இருக்கிறது சார் என்று.

பிறகு பயன்பாடு. இந்த வினைக்குப் பின்னால் 'ஆஃப்டர்' வந்தால் ஒருவர் நலமா என்று கேட்பது. 'இன்டு' வந்தால் என்ன தப்பு நடந்தது என்று குடைவது. தமிழில் நமக்கு இந்த வித்தியாசமே கிடையாது. ஊருக்குப் போகிறவரிடம் "உங்க வீட்ல எல்லாரையும் விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்போம். ஸ்டேஷனில் உட்காரவைத்து அடிப்பதும் விசாரணைதான். தெலுங்கில் விசாரம் என்றால் துக்கம். இதையெல்லாம் சொல்லி ஒரு மணி நேரத்தை சுவாரசியமாக ஓட்டிவிடுவேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் சாதாரண ஜனங்கள் 'என்கொயரி' என்று சொன்னால் அது இரண்டே விஷயம்தான். ஒன்று பஸ் ஸ்டாண்டில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், எதைக் கேட்டாலும் பிளாட்பார நம்பரை மட்டும் சொல்கிறவர். இன்னொன்று கல்யாணம். ஜாதகம் பொருந்தி, போட்டோ கைமாறி, பெரியவர்கள் பேசி எல்லாம் கூடிவந்த பிறகு, கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். பெண்ணோ பையனோ இருக்கிற தெருவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆள் போய் அக்கம்பக்கத்தில் கேட்டுவருவது. தெலுங்குக்காரர்கள் வாகபு என்பார்கள். வாகபுக்கு வந்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் தெருவே அவருக்குக் கட்டுப்பட்டுவிடும். உட்கார நாற்காலி வரும், குடிக்க மோர் வரும். நீ யார், எதற்குக் கேட்கிறாய் என்று எவரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். வந்தவர் எதையும் கேட்கலாம். ஒரு பெண்ணைப் பற்றி முன்பின் தெரியாத ஆண் கேள்வி கேட்க எங்கள் ஊர்ப்பக்கம் திறந்திருக்கிற கதவு அது ஒன்றுதான்.

எனக்கு ஒரே மகள். டிகிரி முடித்து, வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று திருப்பதியில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தாள். அதற்கு அப்பாவே இருக்கிறபோது எதற்குத் திருப்பதி என்று கேட்டவர்கள் உண்டு. "நைனாகிட்ட படிச்சா எனக்கு ஏறாது" என்றாள். நியாயம்தான் என்று அனுப்பிவைத்தேன்.

சந்தேகம் எங்கே தொடங்கியது என்று யோசித்தால் ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் போன் செய்வேன். அறையில் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வாள். பின்னால் லாரி ஹார்ன் கேட்கும். ஜன்னல் திறந்திருக்கு என்பாள். அவள் அறை ஜன்னல் பின்பக்க முட்டுச்சந்தைப் பார்த்தது என்று எனக்குத் தெரியும், சேர்த்துவிட்ட அன்றே எட்டிப் பார்த்திருக்கிறேன். மாதிரித் தேர்வில் எவ்வளவு என்று கேட்டால் பரவாயில்லை என்பாள். பரவாயில்லை என்பது ஒரு மார்க்கா? காலையில் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. வாரம் தவறாமல் வந்தவள் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரலானாள். வந்தாலும் மத்தியானம் வரை தூங்கினாள். படிக்கிற பிள்ளையின் தூக்கமாக அது இல்லை, உடம்பால் உழைத்தவரின் தூக்கமாக இருந்தது.

என் மனைவியிடம் சொன்னேன். "வயசுப் பொண்ணு, தூங்கட்டும்" என்றாள் அவள்.

இந்த நிலையில்தான் மாங்காய் லோடுடன் சென்னைக்குப் போய் தடா வழியாகத் திரும்பிய பங்காருபாளையத்து நண்பர் ஒருவர் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து நிறுத்தினார். "சார், நம்ம பாப்பாவ விடிகாலைல தடால பாத்தேன். டீ குடிச்சிகினு இருந்திச்சி. வண்டிய நிறுத்தறதுக்குள்ள ஏதோ பஸ்ல ஏறிடிச்சி. அங்க என்னா வேலையா இருக்குது?" என்றார்.

சொந்தக்காரர் கல்யாணம் என்று உடனே பொய் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. திருப்பதியில் அறையில் இருக்கவேண்டியவள் விடிகிற நேரத்தில் தமிழ்நாட்டு எல்லையில், நெடுஞ்சாலையோரத்தில், டீக்கடையில். அன்று சாயங்காலம் போன் செய்தபோது கேட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். அவள் குரல் கேட்டதும் "சாப்ட்டியா?" என்றேன்.

"துன்னாச்சி நைனா. படிச்சிகினு இருக்கேன்" என்றாள்.

மனைவி நேராகவே சொன்னாள், அவளையே கேளுங்களேன் என்று. கேட்டால் சொல்லிவிடுவாளா என்று நான் சொன்னேன். கேட்டால் உஷாராகிவிடுவாள், அப்புறம் எதுவுமே தெரியாமல் போகும் என்று என் கணக்கு. தேர்வு மையம் பற்றிய வேலை என்று சொல்லிவிட்டு மறுநாள் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன்.

விடுதி இருந்தது ஒரு குறுகிய தெருவில். எதிரே வேப்பமரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி. மொட்டையடித்து சந்தனம் பூசிய யாத்ரிகர் குடும்பங்கள் லாட்ஜ் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கடையோரமாக நின்று விடுதியின் வாசலைப் பார்த்தேன். என்ன பார்க்கப்போகிறேன் என்று எனக்கே திட்டம் இல்லை. அவளைச் சேர்த்தபோது பார்த்திராத புது வாட்ச்மேன் ஒருவர் வாசலிலிருந்து என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவர் இன்னமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவயது ஆண் ஒருவன், பெண்கள் விடுதி எதிரே, கையில் பையில்லாமல், வெயிலில். அவர் நினைத்தது சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன்.

ஸ்டாண்டில் இருந்த இரண்டு ஆட்டோக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அவர் தெருவைக் கடந்து வந்தார். "எவரண்டி மீரு?" என்றார். மரியாதையான சொல்தான், யாருங்க நீங்க என்று. கேட்ட தொனியில் மரியாதை இல்லை. ஓர் ஆட்டோக்காரர் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அப்பா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பா ஏன் தெருவில் நிற்கிறார், உள்ளே வரலாமே என்பார்கள். அவளுக்கு போன் போகும். என் வாயில் வந்தது இதுதான்: "சம்பந்தம் விஷயம். வாகபுக்கு வந்தேன்." எந்தப் பெண் என்று கேட்டதும் என் மகளின் பெயரைச் சொன்னேன்.

மூன்று முகங்களும் மாறின. பின்னால் நின்றவர் முன்னால் வந்து, முதலிலேயே சொல்லக்கூடாதா சார் என்று வருத்தப்பட்டார். வாட்ச்மேன் தன் ஸ்டூலையே தூக்கிவந்து வேப்பமரத்தடியில் போட்டார். இஸ்திரி போடுகிற அம்மாள் நகரிப் பக்கத்துத் தமிழ்க்காரி. பேச்சு இயல்பாக அவர் கைக்குப் போய்விட்டது.

"தங்கமான பொண்ணு சார். தல நிமுந்து பாக்காது" என்று ஆரம்பித்தார். என் மகள் பிறந்ததிலிருந்து தலை குனிந்து நடந்தவள் அல்ல. கல்யாணத்துக்கு விசாரிக்க வருகிறவருக்கு எல்லாப் பெண்களைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது. எப்படி நம்புவது? நான் மெல்லக் குடைந்தேன். காலையில் எத்தனை மணிக்குப் போகிறாள், யாரோடு போகிறாள்.

"விடியறதுக்குள்ள போயிடும். மெயின் ரோட்டுக்கு கம்பெனி பஸ் வருது இல்ல, ஸ்ரீசிட்டிக்கு? அதுல. இத பாருங்க, அது சட்டதான் தேச்சிகினு இருக்கேன்."

ஸ்ரீசிட்டி, தடாவை ஒட்டிய தொழிற்பேட்டை. மேஜைமேல் வெளிர்நீலச் சட்டை ஒன்று மல்லாந்து கிடந்தது. சட்டைப்பையின்மேல் ஏதோ ஒரு தொழிற்சாலையின் சின்னம். தேர்வு, கோச்சிங், மாதிரி வினாத்தாள் எதுவும் இல்லை. என் மகள் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். ஆண் யாராவது வந்து பார்ப்பதுண்டா என்று கேட்டேன். அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அப்படியெல்லாம் யாரும் வந்ததில்லை என்றார். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவர் முறை. மாப்பிள்ளை என்ன வேலை என்றார். நான் தயாராக இல்லை. பேங்க் ஆபீசர் என்று வந்துவிட்டது. கூடப் பிறந்தவர்கள்? ஒரே பையன். சொத்து? பங்காருபாளையத்தில் மாந்தோப்பு என்றேன். கேட்கக் கேட்க இல்லாத ஒரு பையன் என் வாயிலிருந்து வளர்ந்துகொண்டே போனான், குடிப்பழக்கம் இல்லாமல், நல்ல உயரமாக. ஆட்டோக்காரர்களுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

"பொண்ணப் பத்தி ஒரு கொறையும் இல்ல சார்" என்று அந்த அம்மாள் முடிவாகச் சொன்னார். "அப்பன்காரன்தான் ஒரு மாதிரி. வாத்தியாராம். தெனம் சாயங்காலம் போன் போட்டு குத்திக் குத்தி கேப்பாராம். அந்தப் பொண்ணே சொல்லிச் சிரிக்கும். சம்பந்தியா வந்தா நீங்கதான் சமாளிக்கணும்."

சமாளிக்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். காதல் இல்லை, கெட்ட சகவாசம் இல்லை. ஆனால் சந்தேகத்துக்கு பதில் கிடைத்தால் அது அடங்குவதில்லை, அடுத்த கேள்விக்குப் போகிறது. வேலை நல்ல வேலைதான் என்றால் ஏன் மறைக்கவேண்டும்? மறைக்கிறவள் இதை மட்டுமா மறைப்பாள்? அந்த அம்மாள் ஏன் யோசித்தார்? சனிக்கிழமை அவள் வரும்போது, ஒன்றும் தெரியாத மாதிரி ஆரம்பித்து, அவள் வாயிலிருந்தே வரவழைப்பது என்று தீர்மானித்தேன்.

சனிக்கிழமை அவள் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

முதலில் கோபம் வந்தது. சாயங்காலத்துக்குள் அது பயமாகிவிட்டது. விடுதிக்கு போன் செய்தோம். துணிமணிகளை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையே போய்விட்டாள் என்றார்கள். எங்கே என்று தெரியாது. மனைவி என்னைப் பார்த்து, திருப்பதியில் போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். மாந்தோப்பு வரைக்கும் சொன்னேன்.

"வாகபு வந்திடுச்சின்னா எல்லாம் முடிஞ்சி போச்சின்னுதானே அர்த்தம்" என்றாள் மனைவி. "அவளக் கேக்காமயே நாம ஜாதகம் குடுத்து, போட்டோ குடுத்து, பேசி முடிச்சிட்டோம்னுதானே கொழந்த நெனச்சிருக்கும்?"

எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை. இத்தனை கல்யாணங்களுக்கு நானே வாகபு போயிருக்கிறேன். எந்தக் கட்டத்தில் போவோம் என்று தெரியும். தெருக்காரர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள், நேரே அவளிடம் போய் வாழ்த்துச் சொல்லியிருப்பார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பேங்க் ஆபீசர் உட்கார்ந்திருப்பான் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு?

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் போனோம். வழி முழுக்கக் கரும்பலகைச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த வேருக்கு அகராதி முதலில் போட்டிருக்கும் பொருள் தேடுவது. கேட்பது அப்புறம்தான். அதை எத்தனையோ தடவை எழுதிப்போட்டிருக்கிறேன். சந்திரகிரி தாண்டும்போது 'இன்குவெஸ்ட்' ஞாபகம் வந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொண்டாள்.

வாட்ச்மேன் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மறுபடியும் ஸ்டூல் வந்தது. நான் அந்தப் பெண்ணின் அப்பா என்றேன். ஸ்டூல் பாதியில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் என்று சொன்னீர்களே என்றார். விளக்க விளக்க அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. பொய் சொல்லி விசாரித்த ஆள் இன்னொரு பொய்யோடு ஒரு பொம்பளையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். விடுதிப் பெண் பயந்து ஓடியதே இவனால்தான். அவர் இப்படி நினைப்பது எனக்கு அப்படியே தெரிந்தது, பல வருடங்களாக எனக்குள் ஓடுகிற அதே யோசனைதான். வார்டனும் புதியவர், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இஸ்திரிக்கார அம்மாள் மட்டும் பெட்டியில் கரி போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார். "அன்னிக்கி மாமனாரு, இன்னிக்கி அப்பனா? நாளைக்கி யாரு சார், மாப்பிள்ளையேவா?" என்றார். ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள்.

என் மனைவி அவரிடம் போனாள். என்னைப் போல அவள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தன் போனில் மகளின் படங்களைத் திறந்து கொடுத்துவிட்டு, வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் கரிக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஸ்கூல் யூனிபார்ம், காதுகுத்து, என் தோளில் ஏறி உட்கார்ந்து எடுத்தது. அதில் நான் இளைஞன். படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்தார். மகள் அவரிடம் தன் புது நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தாள், மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வந்தால் சொல்லச் சொல்லி.

"அன்னிக்கி வந்தாரு பாரு, அவருதான் உங்க நைனான்னு சொல்றாரு. உங்கம்மாவும் வந்துகீறாங்க. அழுதுகினு இருக்காங்க."

பிறகு என்னிடம் போன் வந்தது.

"எந்த நைனா?" என்றாள். "மாந்தோப்புக்காரரா?"

நான் அவள் பெயரைச் சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே நைனா."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். "ஆனா நீ கேட்டிருக்கலாம்."

எங்கே இருக்கிறாய் என்றேன். நல்லா இருக்கேன் என்றாள். மறுபடி கேட்டேன். அம்மாவிடம் கொடு என்றாள். மனைவி போனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்று பேசினாள். திரும்பிவந்தபோது கண்ணைத் துடைத்துவிட்டிருந்தாள். கூட வேலை செய்கிற பெண்ணின் வீட்டில் இருக்கிறாள், சத்தியவேடு பக்கம், என்று மட்டும் என்னிடம் சொன்னாள். எந்தத் தெரு, யார் வீடு என்பது அவளுக்குத் தெரியும். எனக்குச் சொல்லக்கூடாது என்று பேச்சாம்.

இரண்டு வாரம் கழித்து மகள் வீட்டுக்கு வந்தாள். எதுவும் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில். நான் கேட்கவில்லை. மீன்குழம்பு சாப்பிட்டாள், அம்மாவிடம் தொழிற்சாலைக் கதைகள் சொன்னாள், எனக்கும் கேட்கிற மாதிரி. பெல்ட்டில் வருகிற சாமான்களைச் சோதித்து, தப்பானதைப் பொறுக்கி ஒதுக்குவது அவள் வேலை. இருநூறில் ஒன்றுகூடத் தன் கண்ணுக்குத் தப்பாது, அதெல்லாம் நைனா புத்தி என்றாள். தேர்வு தனக்கு வராது என்று போன வருடமே தெரிந்துவிட்டதாம். அதை என்னிடம் சொல்ல மூன்று முறை வாயெடுத்தாளாம். ஒவ்வொரு முறையும் நான் மார்க்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேனாம்.

எனக்கு இன்னமும் கேள்விகள் இருந்தன. சத்தியவேட்டுத் தோழிக்கு அண்ணன் தம்பி உண்டா என்பது ஒன்று. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதும் அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சில விடியற்காலைகளில் தடா பக்கம் போகிற யாரையாவது கேட்கலாமா என்று தோன்றிவிடுகிறது. போனைக் கையில் எடுத்து, திரும்ப வைத்துவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஏறுமுன், "மறுபடி விடுதிக்கே வந்துட்டேன் நைனா. பாக்கணும்னா நேரா வா" என்றாள். "வாட்ச்மேன் யாருன்னு கேட்டா அப்பான்னு சொல்லு. ஒரு தடவல நம்ப மாட்டாரு. திரும்பத் திரும்பச் சொல்லு."

சரி என்றேன். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். பஸ் பின்வாங்கி நகர்ந்தபோது, என்னையறியாமல் குதிகாலைத் தூக்கி எம்பி அவள் பக்கத்து இருக்கையில் யார் என்று பார்த்தேன். மொட்டையடித்த ஒரு கிழவர், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.